ஓசையும் மருந்தும் துயரும்

மனிதனுடைய தலைக்குள் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன என்று இக்கால அறிஞர் கணக்கிட்டிருக்கின்றனர். மண்டையோடு என்னும் அரணுக்குள், நீரில் மிதந்தவாறு, வெயிலும் காற்றும் தீண்டாமல் வாழ்பவை அவை. அவற்றை வெளியுலகம் எங்ஙனம் தொட இயலும்? சம்மட்டி அடியின் ஓசை அவற்றை மாற்றுமா? நோய் தீர உண்ட மருந்து அவற்றின் இயல்பை மாற்றுமா? நெடுநாள் நெஞ்சில் தங்கிய துயரம் அவற்றில் வடுவை விட்டுச் செல்லுமா? 'ஆம், மாற்றும்' என்பதே இன்றைய அறிவியல் தரும் விடை. இவ்விடையை அடைவதற்கு மனிதன் 300 ஆண்டுகள் நடந்து வந்த வழியை மாணவ நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முடிவை மட்டும் கேட்டால் அது செய்தி. அம்முடிவு வந்த வழியையும் கேட்டால்தான் அது கல்வி. ஆதலால் நான் முதலில் உங்களை இத்தாலி நாட்டுச் சமையலறை ஒன்றுக்கு அழைத்துச் செல்கிறேன்.

மிலான் நகருக்கு அருகே அப்பியாதெகிராசோ என்றோர் ஊர் உண்டு. அங்கே தீரா நோயாளர்க்கென அமைந்த மருத்துவமனையில் கமில்லோ கோல்கி என்ற இளம் மருத்துவர் பணியாற்றி வந்தார். ஆராய்ச்சிக் கூடம் எதுவும் அங்கு இல்லை. மருத்துவமனையைச் சேர்ந்த சமையலறையையே தம் ஆராய்ச்சிக் கூடமாக அவர் அமைத்துக் கொண்டார். மூளையின் சிறு துண்டுகளைப் பொட்டாசியம் டைக்குரோமேட்டுக் கரைசலில் ஊறவைத்து, பின் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் இட்டுப் பார்த்தபோது புதுமை ஒன்று நிகழ்ந்தது. மஞ்சள் நிறப் பின்னணியில் நரம்பணு ஒன்று தன் உடலும் கிளைகளும் நுனிவரை தெரியும்படி கறுத்து நின்றது. அதன் சிறப்பு யாதெனின், நூறு அணுக்களில் ஒரு சில மட்டுமே அவ்வாறு கறுக்கும். ஏனையவை நிறம் பெறா. எல்லாம் கறுத்தால் அடர்ந்த காட்டைப் போல் ஒன்றும் விளங்காது. சில மட்டும் கறுத்ததனால் தனிமரத்தைக் காண்பது போல ஒவ்வோர் அணுவையும் காண முடிந்தது. இஃது 1873-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இந்தச் சாய முறையை நினைவிற் கொள்ளுங்கள். இன்றைய பேச்சின் இறுதிப் பகுதியில் அது மீண்டும் நம்மை வந்து சந்திக்கும்.

கோல்கியின் முறையை 1887-இல் கண்ணுற்று, அதனைச் செம்மை செய்து, பறவைகளின் மூளையையும் சிறு விலங்குகளின் மூளையையும் இரவு பகலாக ஆராய்ந்தவர் ஸ்பெயின் நாட்டு அறிஞர் சாந்தியாகோ ரமோன் இ காஹால். நரம்பணுக்கள் யாவும் ஒன்றோடொன்று ஒட்டிய ஒரே வலை என்று கோல்கி கருதினார். அன்று, அவை தனித்தனி அணுக்கள். அருகருகே நின்று செய்தி பரிமாறிக் கொள்கின்றன என்று காஹால் நிறுவினார். 1906-ஆம் ஆண்டில் நோபெல் பரிசை இருவரும் பகிர்ந்து கொண்டனர். அம்மேடையிலும் கோல்கி தம் பழைய கொள்கையையே வலியுறுத்தினார். 1950-களில் மின்னணு உருப்பெருக்கி வந்து, அணுவுக்கும் அணுவுக்கும் இடையே மிக நுண்ணிய இடைவெளி உள்ளது என்பதைக் கண்ணாரக் காட்டியது. அந்த இடைவெளியோடு கூடிய சந்திப்பைத் தமிழில் நரம்பிணைப்பு எனலாம்.

காஹால் மற்றொரு முடிவையும் எழுதி வைத்தார். வளர்ந்து முற்றிய மூளையில் நரம்பணுக்கள் இறக்குமேயன்றிப் புதியனவாகப் பிறவா என்பது அம்முடிவு. எனினும், அக்கடுமையான தீர்ப்பை மாற்ற முடியுமாயின் அது வருங்கால அறிவியலின் கடமை என்றும் அவர் கூறிச் சென்றார். தீர்ப்பு அளித்தவரே மேல்முறையீட்டுக்கும் இடம் வைத்துச் சென்றார் என்பது எனக்கு என்றும் வியப்பூட்டுவது.

இனி ஓசையின் கதைக்கு வருவோம். தொழிலாளரின் நோய்களை முதன்முதலாக முறைப்பட ஆராய்ந்த பெருமை பெர்னார்டினோ ராமசினி என்ற இத்தாலிய மருத்துவர்க்கு உரியது. அவருடைய நூல் 1700-இல் வெளிவந்தது. 1713-ஆம் ஆண்டு விரிவாக்கப் பதிப்பில் வெனிசு நகரத்துக் கன்னாரைப் பற்றி அவர் எழுதினார். அவர்கள் ஒரே பகுதியில் கூடி வாழ்ந்து, காலை முதல் மாலை வரை செம்பைத் தட்டி உருவாக்குபவர்கள். அவ்வோசையால் முதலில் செவி மந்தமாகும், முதுமையில் முற்றும் கேளாமற் போகும் என்று அவர் குறித்தார். நோயாளியை நோக்கி நீ என்ன தொழில் செய்கிறாய் என்று மருத்துவர் கேட்க வேண்டும் என்ற நெறியை வகுத்தவரும் அவரே.

நீராவி யுகம் வந்தது. கப்பல்களுக்கும் ரயில் எஞ்சின்களுக்கும் கொதிகலன்கள் வேண்டியிருந்தன. இரும்புத் தகடுகளை ஆணி அறைந்து இணைக்கும்போது ஒருவன் கலனுக்கு வெளியே சம்மட்டியால் அறைவான். மற்றொருவன் உள்ளே அமர்ந்து ஆணியின் தலையைத் தாங்குவான். உள்ளே இருப்பவன், அடிக்கப்படும் மணிக்குள்ளே அமர்ந்தவனுக்கு ஒப்பானவன். கிளாஸ்கோ நகரத்துச் செவி மருத்துவர் தாமஸ் பார், இத்தொழிலாளர் நூறு பேரைச் சோதித்து 1886-இல் தம் முடிவை வெளியிட்டார். இக்காலத்துக் கருவிகள் அவரிடம் இல்லை. பைக் கடிகாரத்தின் டிக் டிக் ஓசை எவ்வளவு தொலைவில் கேட்கிறது என்பதே அவருடைய அளவுகோல். அந்நூறு பேரில் இயல்பான செவிப்புலன் உடையவர் ஒருவர்கூட இலர். தெருவில் நடந்து கடிதம் வழங்குவோரையும் சோதித்து ஒப்பிட்டார். அவர்களிடம் இத்தகைய கேடு மிகச் சிலரிடமே இருந்தது. குற்றவாளி முதுமை அன்று, தொழிலின் ஓசையே என்பது இவ்வொப்பீட்டால் புலனாயிற்று.

அவ்வோசை உள்ளே எதனை அழிக்கிறது? செவிப்பறையும் மூன்று சிற்றெலும்புகளும் கடந்து, நத்தைக் கூடு போலச் சுருண்ட ஓர் அறைக்குள் ஒலியின் அதிர்வு சேர்கிறது. அதனுள்ளே இருக்கும் நுண்ணுறுப்பை 1851-இல் விவரித்தவர் அல்போன்சோ கோர்த்தி. அதில் மயிரணுக்கள் என்பவை வரிசை வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு செவியிலும் ஏறக்குறைய 15,000 மட்டுமே. கோடிக்கணக்கில் அணுக்களைக் கொண்ட உடலில் இஃது எத்துணைச் சிறிய செல்வம் என்று எண்ணிப் பாருங்கள். அவற்றின் தலையிலுள்ள நுண்மயிர்கள் அசையும்போது நுண்ணிய வாயில்கள் திறந்து மின்துடிப்பு எழுகிறது; அத்துடிப்பை நரம்பணுக்கள் மூளைக்கு ஏந்திச் செல்கின்றன. 1890-இல் ஹாபர்மன் என்ற மருத்துவர், உலோகத் தொழில் செய்து செவி இழந்து இறந்த முதியவர் ஒருவரின் உட்செவியை உருப்பெருக்கியில் ஆராய்ந்தார். நத்தைக் கூட்டின் அடிச்சுற்றில் மயிரணுக்கள் அழிந்து போயிருந்தன. அடிச்சுற்றே உயர்ந்த சுருதி ஒலிகளுக்கு உரிய இடம். ஓசையால் கெட்ட செவி முதலில் உயர்சுருதி ஒலிகளை இழப்பதன் காரணம் இதுவே. பறவையின் கூவலும், பேச்சில் வரும் 'ஸ', 'ஷ' போன்ற ஒலிகளும் முதலில் மங்கும்.

மயிரணு செவியைச் சேர்ந்தது. மூளைக்கு இதனால் என்ன என்று நீங்கள் வினவலாம். நல்ல வினா. அதற்குரிய விடை 2009-ஆம் ஆண்டில்தான் தெளிவாகக் கிட்டியது. பாஸ்டன் நகரில் ஷாரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் என்னும் இருவர், சுண்டெலிகளுக்கு இரண்டு மணி நேரம் பேரோசையைக் கேட்பித்தனர். எலிகளின் செவி முதலில் மந்தமாகி, சில நாட்களில் பழைய நிலைக்கு மீண்டது. மயிரணுக்கள் இறக்கவில்லை. இத்தகைய மந்தம் தற்காலிகமே, தீங்கற்றதே என்றுதான் அதுவரை நூல்கள் கூறி வந்தன. ஆனால் மயிரணுவுக்கும் நரம்பணுவுக்கும் இடையிலுள்ள இணைப்புகளை அவர்கள் எண்ணிப் பார்த்தபோது, உயர்சுருதிப் பகுதியில் ஏறத்தாழ பாதி அறுந்து போயிருந்தன. அவை திரும்ப வளரவில்லை. இணைப்பை இழந்த நரம்பணுக்கள் பின்னர்ப் பல மாதங்களில் மெல்ல மெல்ல மடிந்தன. திருவிழாப் பந்தலில் ஒலிபெருக்கியின் கீழ் நின்றுவிட்டு வந்த இரவு காது அடைத்தாற்போல் இருக்கிறது. மறுநாள் சரியாகி விடுகிறது. 'சரியாகி விட்டது' என்ற நம் எண்ணம் எப்போதும் உண்மையாகாது என்பதை இவ்வாராய்ச்சி எச்சரிக்கிறது.

செவியிலிருந்து வரும் செய்தி குறைந்தால் மூளை வாளா இருப்பதில்லை. மெல்லிய குரலைக் கேட்க வானொலியின் திருகை நாம் கூட்டுவது போல, ஒலியறியும் மூளையணுக்கள் தம் உணர்வாற்றலைக் கூட்டிக் கொள்கின்றன. அப்போது நிலையத்தின் குரல் மட்டுமா பெருகும்? இரைச்சலும் பெருகும். வெளியே ஓசை எதுவும் இல்லாதபோதும் காதுக்குள் ஓயாது இரையும் காதிரைச்சல் நோய்க்கு இதனை முக்கியமான காரணங்களுள் ஒன்றாக அறிஞர் கருதுகின்றனர்.

பறவைகளோ இவ்வகையில் நம்மினும் பேறு பெற்றவை. கோழிக்குஞ்சும் காடையும் மயிரணுக்களை இழந்தால் அவற்றைத் திரும்ப வளர்த்துக் கொள்கின்றன என்பது 1980-களின் இறுதியில் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. மனிதன் உள்ளிட்ட பாலூட்டிகளின் நத்தைக் கூட்டில் அவ்வாற்றல் இல்லை. அதனை மீட்க இயலுமா என்று ஆராய்ச்சி நடந்து வருகிறது.

இரண்டாவதாக மருந்தின் கதை. 1943-இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், வாக்ஸ்மனின் ஆராய்ச்சிக் கூடத்தில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். காசநோய் என்றால் மரண ஓலை என்று அஞ்சிய உலகுக்கு அஃது அமுதமாக வந்தது. ஆனால் 1945-ஆம் ஆண்டிலேயே, அதனை நோயாளர்க்கு அளித்த ஹின்ஷா, ஃபெல்ட்மன் என்ற மருத்துவர்கள் ஒன்றைக் கவனித்தனர். நோயாளர் சிலர் தலைசுற்றித் தள்ளாடினர். உடலின் சமநிலையைக் காக்கும் உட்செவி உறுப்பு கெட்டிருந்தது. அத்தீமையைக் குறைக்கும் நோக்கத்துடன் அம்மருந்தைச் சிறிது மாற்றி இன்னொன்றைச் செய்தனர். அதுவோ செவிப்புலனையே பறித்தது. ஓசையைப் பெறுவதற்காக மயிரணு திறந்து வைத்துள்ள அந்த நுண்ணிய வாயில்களின் வழியாகவே இம்மருந்து உட்புகுகிறது எனப் பிற்கால ஆய்வுகள் காட்டின. விருந்தினர்க்குத் திறந்த கதவில் பகைவன் நுழைந்த கதை இது. ஆயினும் உயிரா, செவியா என்று வந்தால் உயிரே பெரிது என்று மருத்துவர் பல்லாண்டு இவ்வகை மருந்துகளைத் தந்தனர். மருந்துக்கு அடங்காத காசநோய்க்குக் கானமைசின், காப்ரியோமைசின் ஆகிய ஊசிகளை இனித் தர வேண்டா என 2019-இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. அந்த அறிவுரைக்குப் பின்னால் செவியிழந்த எண்ணற்ற நோயாளரின் வரலாறு இருக்கிறது.

காசநோயே இக்கதையின் அடுத்த வாயிலையும் திறந்தது. 1952-ஆம் ஆண்டில் நியூயார்க்கைச் சேர்ந்த ஸீ வியூ மருத்துவமனையில் ஐசோனியசிட், இப்ரோனியசிட் என்னும் இரு புதிய மருந்துகள் சோதிக்கப்பட்டன. சாவை எதிர்நோக்கிச் சோர்ந்து கிடந்த நோயாளர், நுரையீரல் தேறுவதற்கு முன்பே உள்ளம் கிளர்ந்து எழுந்தனர். இப்ரோனியசிட் மூளையிலுள்ள மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்ற நொதியைத் தடுக்கிறது என அதே ஆண்டில் தெரிய வந்தது. நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் சில இரசாயனப் பொருள்களைச் சிதைப்பது அந்நொதி. சிதைவு தடைப்பட, செய்திப் பொருள் பெருகும். காசநோய் மருந்திலிருந்து மனச்சோர்வுக்கு மருந்து பிறந்தது இவ்வாறே. உடன்பிறந்த ஐசோனியசிட்டுக்குச் சென்னையோடு சிறந்த தொடர்பு உண்டு. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு நிலையம், ஐசோனியசிட்டும் பாஸ் என்னும் மருந்தும் சேர்த்து உட்கொண்டால் வீட்டிலிருந்தே நோய் நீங்கும் என்று 1959-இல் உலகுக்குக் காட்டியது. ஐசோனியசிட் கைகால் நரம்புகளை வருத்தக் கூடியது; ஆறாம் பி வைட்டமின் அத்தீங்கைத் தடுக்கிறது.

இதற்கு நேர்மாறான பாடத்தை நம் நாட்டு மூலிகை ஒன்று கற்பித்தது. சர்ப்பகந்தி என்பது அதன் பெயர். பித்துக்கும் தூக்கமின்மைக்கும் அதன் வேரை நாட்டு வைத்தியர் நெடுங்காலம் பயன்படுத்தி வந்தனர். 1931-இல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் மருத்துவர் இருவர் அதன் பயனை எழுதினர். 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் இரத்தக் கொதிப்பை அது தணிப்பதை ஆங்கில நாட்டு இதய மருத்துவ ஏட்டில் வெளியிட, உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-இல் சுவிட்சர்லாந்தில் அவ்வேரிலிருந்து ரெசர்பின் என்ற சாரம் பிரிக்கப்பட்டது. அதனை உண்டோருள் சிலர் ஆழ்ந்த மனச்சோர்வில் வீழ்ந்தனர் என்று 1950-களின் மருத்துவர் எழுதினர். எத்துணைப் பேர்க்கு அவ்வாறு நேர்ந்தது என்பதில் பிற்காலத்தார் மாறுபடுகின்றனர். ஆனால் மூளையில் நிகழ்ந்தது ஐயத்துக்கு இடமற்றது. செய்திப் பொருள்களைச் சேர்த்து வைக்கும் நுண்பைகளை ரெசர்பின் வெறுமையாக்கி விடுகிறது. 1957-இல் ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஆர்விட் கார்ல்சன், ரெசர்பினால் அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு டோபா என்ற பொருளை ஊசி வழியே செலுத்தினார். சில நிமிடங்களில் அவை துள்ளி எழுந்தன. டோபமீன் என்ற செய்திப் பொருளின் பெருமை இதனால் வெளிப்பட்டது. 2000-ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்ற மூவருள் அவரும் ஒருவர்.

நல்ல மருந்துகளைக் கூறினேன்; இனித் தீய போதையைக் கூற வேண்டும். 1982-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் இளைஞர் சிலர் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். முதியோர்க்கு வரும் நடுக்குவாதத்தின் முற்றிய நிலையில் இருப்போரைப் போல் அவர்கள் உடல் விறைத்து, பேச்சற்று, சிலையாகி இருந்தனர். கள்ளச் சந்தையில் ஹெராயினுக்கு மாற்றாக விற்ற செயற்கைப் பொருளை அவர்கள் ஊசியால் ஏற்றிக் கொண்டிருந்தனர். அதனைச் செய்தவன் பக்குவம் தவறியதால் எம்.பி.டி.பி. என்ற கலப்படம் அதில் விளைந்திருந்தது. வில்லியம் லாங்ஸ்டன் என்ற மருத்துவரும் அவர்தம் குழுவினரும் இம்மர்மத்தை விடுவித்தனர். அக்கலப்படம் தானே நஞ்சன்று. மூளைக்குள் புகுந்தபின், முன்னே நான் குறிப்பிட்ட மோனோஅமைன் ஆக்சிடேஸ் நொதியே அதனை நஞ்சாக மாற்றுகிறது. அந்நஞ்சு டோபமீன் உண்டாக்கும் அணுக்களுள் நுழைந்து அவற்றின் ஆற்றல் உலைகளை அணைத்து விடுகிறது. மனச்சோர்வு மருந்தின் வழியாக அறிந்த நொதி, இங்கே நஞ்சின் கதையையும் விளக்க உதவியது. சில நாள் இன்பத்தை நாடியவர்கள் வாழ்நாள் முழுவதற்குமான அசைவை இழந்தனர்.

போதைப் பொருள் அணுவைக் கொல்லாமலும் மாற்ற வல்லது. 1997-இல் ராபின்சன், கோல்ப் என்னும் இருவர், ஆம்ஃபெட்டமின் என்ற கிளர்ச்சிப் பொருளைப் பலமுறை பெற்ற எலிகளின் மூளையை ஆராய்ந்தனர். இன்ப உணர்வோடு தொடர்புடைய பகுதியில் நரம்பணுக்களின் கிளைகள் நீண்டு, அவற்றின்மேல் இணைப்பு முட்கள் மிகுந்திருந்தன. மருந்தை நிறுத்திப் பல வாரங்கள் சென்ற பின்னும் அம்மாற்றம் நிலைத்திருந்தது. இதனைக் காண அவர்கள் கையாண்டது, அந்த இத்தாலியச் சமையலறையில் பிறந்த சாய முறையின் வழிவந்த முறைதான். போதையை விட்டவன் மீண்டும் அதனை நாடுவது வெறும் மன உறுதிக் குறைவால் அன்று, அவனுடைய மூளையின் பின்னலே மாறியிருக்கிறது என்று நாம் உணர்ந்தால், அவனை இகழ்வதைக் காட்டிலும் மருத்துவத்துக்கு அனுப்புவதே முறை என்பதும் விளங்கும்.

மூன்றாவதாகத் துயரம். மனநோயைப் பேயின் சேட்டை என்றும், முன்வினை என்றும், குடும்பத்துக்கு இழுக்கு என்றும் எண்ணிய காலம் நெடிது. அவ்வெண்ணத்தை அசைத்தவர்களுள் ஒருவர் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட். இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூரின் சாங்கிச் சிறையில் மூன்றாண்டுக்கு மேல் போர்க் கைதியாக இருந்து மீண்டவர். பின்னர் மெல்போர்ன் அருகே ஒரு மனநோய் மருத்துவமனையில், பயன்படாது கிடந்த உக்கிராண அறை ஒன்றில் அவர் ஆராய்ச்சி செய்தார். லிதியம் என்ற உலோகத்தின் உப்பைச் சீமை எலிகளுக்குச் செலுத்தியபோது அவை அமைதியுற்றன. 1949-இல், மிதமிஞ்சிய கிளர்ச்சிப் பித்தால் வருந்திய பத்து நோயாளர்க்கு அதனைத் தந்து, அவர்கள் தேறிய செய்தியை வெளியிட்டார். லிதியம் அளவு சிறிது மிஞ்சினாலும் நஞ்சாகும். ஆதலின் இரத்தத்தில் அதன் அளவைச் சோதித்தே தர வேண்டும். அங்ஙனம் தருங்கால், களிப்பும் சோர்வுமாக மாறி மாறி அலைக்கழியும் இருதுருவ மனநோய்க்கு இன்றும் அது தலைசிறந்த மருந்துகளுள் ஒன்று. எளிய உப்பு ஒன்று மனத்தின் கொந்தளிப்பைத் தணிக்குமானால், அக்கொந்தளிப்பின் வேர் உடலிலும் இருத்தல் வேண்டுமன்றோ?

ஆனால் ஒரு புதிர் எஞ்சியது. மனச்சோர்வு மருந்துகள் செய்திப் பொருள்களைச் சில மணி நேரத்தில் பெருக்கி விடுகின்றன. மனம் தேறவோ சில வாரங்கள் ஆகின்றன. பொருளின் பற்றாக்குறை ஒன்றே நோயாயின் இத்தாமதம் ஏன்? மெதுவாக நிகழும் வேறொரு மாற்றம் அணுக்களில் இருக்க வேண்டும் என்று அறிஞர் ஐயுற்றனர். நியூயார்க்கில் புரூஸ் மெக்யூவனும் அவர்தம் குழுவினரும் எலிகளை நாள்தோறும் சில மணி நேரம் இடுக்கமான கூட்டில் அடைத்து, மூன்று வாரங்கள் தொடர்ந்து மன நெருக்கடிக்கு ஆளாக்கினர். பின்னர் நினைவுக்கு இருப்பிடமான ஹிப்போகாம்பஸ் பகுதியை, மறுபடியும் கோல்கியின் சாயமிட்டு நோக்கினர். நரம்பணுக்களின் கிளைகள் கோடையில் வாடிய கொடிகளைப் போலக் குறுகியிருந்தன. 1992-இல் வெளியான இச்செய்தியோடு மற்றோர் உண்மையும் பின்னர்ச் சேர்ந்தது. நெருக்கடி நீங்கிச் சில நாட்கள் கழிந்தால் அக்கிளைகள் மறுபடியும் நீள்கின்றன. 1996-இல் இவெட் ஷெலைன் என்ற அமெரிக்க மருத்துவர், மனச்சோர்வு பலமுறை வந்து போன பெண்களின் ஹிப்போகாம்பஸ், அந்நோய் வாராதவர்களினும் சிறுத்திருப்பதைக் காந்தப் படங்களின் வாயிலாகக் காட்டினார். நோயால் சிறுத்ததா, சிறுத்திருந்ததால் நோய் வந்ததா என்பது எளிதில் தீர்க்கக் கூடிய வழக்கன்று. எனினும் மனச்சோர்வு உடலில் சுவடு உடைய நோய் என்பதில் ஐயம் குறைந்தது.

காஹாலின் தீர்ப்பு என்னவாயிற்று? 1960-களில் ஜோசப் ஆல்ட்மன், வளர்ந்த எலியின் மூளையிலும் புது நரம்பணுக்கள் பிறக்கின்றன என்று எழுதினார். அன்று அதனை நம்பியோர் சிலரே. 1998-இல் எரிக்சன், கேஜ் ஆகியோர் முதிர்ந்த மனிதரின் ஹிப்போகாம்பஸிலும் அவ்வாறே என்றனர். மனச்சோர்வு மருந்துகள் எலிகளில் இப்பிறப்பைக் கூட்டுகின்றன என்று 2000-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு கூறியது. 2018-இலோ, மனிதனில் குழந்தைப் பருவத்துக்குப் பின் அப்பிறப்பு காணப்படவில்லை என ஒரு குழுவும், முதுமையிலும் உண்டு என மற்றொரு குழுவும் எழுதின. மேல்முறையீடு இன்னும் நடந்து கொண்டிருக்கிறது. மாணவர்களே, உங்களுள் ஒருவர் அவ்வழக்கில் சாட்சி கூறக் கூடும்.

இதுகாறும் கூறியவற்றை எண்ணிப் பார்ப்போம். பேரோசை மயிரணுவைக் கொல்கிறது. கொல்லாவிடினும் நரம்பின் இணைப்பை அறுக்கிறது. மருந்து அணுவைக் காக்கவும் கூடும், கெடுக்கவும் கூடும், அதன் கிளைகளை வேண்டாத வழியில் வளர்க்கவும் கூடும். துயரம் கிளைகளைக் குறுக்குகிறது. இம்மூன்றையும் ஒன்றாகக் கருதலாகாது. மயிரணுவின் இழப்பு மீளாதது. துயரத்தால் குறுகிய கிளையோ மீள வல்லது. மீளாததைக் காப்பதிலும், மீளக் கூடியதற்குக் காலத்தில் துணை செய்வதிலுமே அறிவுடைமை இருக்கிறது.

செவியைக் காப்பது எப்படி? 85 டெசிபெல் ஓசையை நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் கேட்கலாகாது என்பது தொழிற்சாலைகளுக்கு அமெரிக்க ஆய்வு நிறுவனம் பரிந்துரைத்த எல்லை. ஒவ்வொரு மூன்று டெசிபெல் உயர்வுக்கும் கால அளவு பாதியாகும். 88 டெசிபெல்லுக்கு நான்கு மணி. 100 டெசிபெல்லுக்குப் பதினைந்தே நிமிடம். காதுக்குள் செருகிக் கொள்ளும் கருவிகளில் முழு ஒலியை வைத்துப் பாட்டுக் கேட்போர் அந்த அளவை எளிதில் எட்டி விடுகின்றனர். இளையோர் நூறு கோடிக்கு மேற்பட்டோர் இவ்வாறு செவியை இழக்கும் இடரில் உள்ளனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. கிளாஸ்கோவின் தொழிலாளி வயிற்றுக்காகக் கொதிகலனுக்குள் புகுந்தான். அவனுக்கு வேறு வழி இல்லை. நமக்கோ ஒலியின் அளவு நம் விரல் நுனியில் இருக்கிறது.

மருந்தை மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன காலம்வரை உட்கொள்ளுங்கள். காதில் இரைச்சலோ தலைசுற்றலோ தோன்றினால் உடனே அவரிடம் கூறுங்கள். பெயர் தெரியாத தூளையும் மாத்திரையையும் நண்பன் நீட்டினாலும் தொடாதீர்கள். அதனுள் என்ன இருக்கிறது என்பது அவனுக்கும் தெரியாது.

விடுதியில் உங்களோடு தங்கியிருக்கும் தோழன் ஒருவன் இரண்டு வாரங்களாக உணவில் மனமின்றி, உறக்கமின்றி, எவரோடும் பேசாமல் ஒதுங்கியிருந்தால், 'சோம்பேறி' என்று நகையாதீர்கள். காய்ச்சல் கண்டவனை மருத்துவரிடம் எப்படித் துணை நின்று அழைத்துச் செல்வீர்களோ அப்படியே அவனையும் அழைத்துச் செல்லுங்கள். வாடியிருக்கும் கிளைகள் தழைப்பதற்கு மருத்துவம் ஒரு துணை; உடன் நடந்து வரும் தோழனும் ஒரு துணை.